அன்னை காணும் தோல்பாவைக் கூத்து

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால், ஒற்றப்பாலத்துக்கும் ஷொரனூருக்கும் இடையே கூனத்தறை என்னும் சிற்றூர் வருகிறது. கம்பரின் இராமகாதையைத் தோல்பாவைகளால் ஆடிக் காட்டும் புலவர் குடும்பத்தார் தலைமுறைகளாக வாழும் ஊர் இது.

இப்பகுதியின் பத்ரகாளி ஆலயங்களில் அம்பிகையை நோக்கியபடி கூத்துமாடம் என்னும் நீண்ட மேடை அமைந்திருக்கும். இராமபிரான் இராவணனை வதைத்தபோது அன்னை தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். காணத் தவறிய அப்போரை அவள் கண்டு மகிழவே இக்கூத்து என்பது ஐதிகம். வெண்திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரிய, கம்பரின் தமிழ் மலையாள மண்ணில் இரவெல்லாம் ஒலிக்கிறது. பல இரவுகளில் திரைக்கு முன்னே மனிதர் எவரும் இருப்பதில்லை. அன்னை ஒருத்தியே கேட்கிறாள்.

அம்பிகைக்கு அது போதும். ஆனால் பார்ப்பவர் இல்லாத கலையை அடுத்த தலைமுறை தன்னுடையதென்று எவ்வாறு எண்ணும்?

கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவரின் நினைவாக அமைந்த மையம், பாவை செய்யும் பயிற்சியின் வழியே இதற்கு விடை தேடுகிறது. முற்காலத்தில் மான்தோல்; இன்று வேறு தோல்களே பயன்படுகின்றன. உருவத்தை வரைந்து வெட்டியபின், உளியால் சிறு சிறு துளைகள் இட வேண்டும். விளக்கொளி அத்துளைகளின் வழியே பாயும்போதுதான் கிரீடமும் அணிகலன்களும் திரையில் மின்னும். தவறி விழுந்த துளையை மூட இயலாது. ஆகவே கையோடு மனமும் ஒன்ற வேண்டும். மூங்கில் குச்சியைப் பிணைத்துப் பாவையைத் திரையருகே உயர்த்தும் சிறுவனுக்கு, அதன்பின் அது வேடிக்கைப் பொருளன்று. அது அவனுடைய அனுமன்.

புலவர் குடும்பத்துப் பெண்கள் நெடுங்காலம் வீட்டிலிருந்தபடியே பாவை செய்யத் துணைநின்றனர், கூத்துமாடம் ஏறியதில்லை. அண்மை ஆண்டுகளில் அவர்களே தனிக் குழு அமைத்து, ஆலயத்துக்கு வெளியேயுள்ள மேடைகளில் பாவைகளை ஆட்டுகின்றனர். செய்த கைகளுக்கு ஆட்டுவிக்கும் உரிமையும் வந்து சேர்ந்திருக்கிறது.

தை பிறந்தபின் கோடை வரை இங்குக் கூத்துக் காலம். காவளப்பாறை ஆரியங்காவு பகவதி ஆலயத்தில் 21 இரவுகள் நடைபெறும். தரிசிக்கச் செல்லும் பெரியோர் பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். தன் கையால் இராமனைச் செய்த குழந்தை, அவன் கதையைக் கேட்காமல் உறங்காது.