தேய்ந்தது எது?

மோட்டார் வண்டிக்கும் நாடி பார்க்க வேண்டும் என்பதை நாம் சென்ற ஆண்டுதான் கற்றோம். கற்ற இடம் கல்லூரியன்று. கிள்ளானை அடுத்த காப்பார்ப் பகுதியில், நாம் கிராணி உத்தியோகம் பார்க்கும் செம்பனைத் தோட்டத்தின் லயத்து வாசல்.

நம் தந்தையார் விட்டுச்சென்ற பழைய புரோட்டோன் சாகா ஒன்று நம்மிடம் உண்டு. 1985-இல் இந்நாட்டின் முதல் தேசியக் காராக வெளிவந்த அவ்வினத்தைச் சேர்ந்தது. அதிலேதான் அம்மாவைக் கண் சிகிச்சைக்காக மாதந்தோறும் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்வோம். பிரிக்பீல்ட்ஸில் உறவினர் வீட்டில் உண்டு இளைப்பாறித் திரும்புவோம். ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலையில், கோலாலம்பூரைச் சிலாங்கூர் 1974-இல் கூட்டரசுக்கு ஒப்படைத்ததன் நினைவாக நிற்கும் வளைவை நோக்கி மேடேறுகையில், வண்டி குலுங்கிற்று, இழுக்க மறுத்தது. பின்னால் வந்த லாரியின் ஊதல் காதைப் பிளந்தது. கண்ணில் கட்டுடன் அமர்ந்திருந்த அம்மாவின் கை நம் தோளை இறுகப் பற்றியது. அந்நடுக்கத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

கண்ணேறு என்றார் அம்மா. மறுநாள் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. நாம் நகைத்தோம், நகைத்துவிட்டு நகரத்துப் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். மூடியைத் திறந்து ஒரு முறை நோக்கிய மாத்திரத்தில், இயந்திரத்தையே பிரிக்க வேண்டும், 1,800 ரிங்கிட் ஆகும் என்றனர். யாதொரு கேள்வியும் கேளாமல் தலையசைத்துத் திரும்பினோம். அம்மா பழத்தை நம்பினார். நாம் பெயர்ப்பலகையை நம்பினோம். ஆராயாது நம்பியதில் இருவருக்கும் வேற்றுமை யாது?

பணத்துக்கு வழிதேடி நின்ற வேளையில், பழக்குலை ஏற்றும் வேலை செய்யும் வாலிபன் ஒருவன் வந்தான். "ஐயா, நிற்கும்போது ஒழுங்காக ஓடி, மேட்டில் மட்டும்தானே திணறுகிறது?" என்றான். ஆம் என்றோம். "அப்படியானால் முதலில் பிளக்கைப் பார்ப்போம்" என்றான்.

அக்கேள்வியின் நுட்பம் பிறகே விளங்கிற்று. ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டர் அளவான இடைவெளியில் தீப்பொறி பாய்ந்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்துகிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடவேண்டும். பொறிதோறும் முனை அணுவணுவாய்த் தேய்கிறது, இடைவெளி அகல்கிறது. அகன்ற இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் மிகுதியாக வேண்டும். மேடேறுகையில் உருளைக்குள் அழுத்தம் பெருகுவதால் அத்தேவை இன்னும் உயர்கிறது. அங்கேதான் தேய்ந்த பிளக் தோற்கிறது. சமதரையில் அதன் குற்றம் மறைந்தே கிடக்கும்.

இயந்திரம் நன்றாக ஆறும்வரை அவன் காத்திருந்தான். சூட்டோடு திருகினால் அலுமினியப் புரி கெடும் என்றான். பிளக்கைச் சுற்றிய தூசியை ஊதி அகற்றினான். கம்பிகள் இடம் மாறாதிருக்க ஒவ்வொன்றாகவே கழற்றி, வரிசையாய் வைத்தான். முனை இளம்பழுப்பாயின் நலம்; உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி தவறியது; எண்ணெய் ஈரமாயின் உள்ளே எண்ணெய்க் கசிவு; வெளுத்துக் கொப்புளித்திருப்பின் மிகுசூடு. நமது மூன்று பிளக்குகள் பழுப்பாயிருந்தும் முனை மழுங்கியிருந்தன, நான்காவது கரிபிடித்திருந்தது. எண்ணெய் ஈரம் எதிலும் இல்லை. ஆகவே இயந்திரத்தைப் பிரிக்கும் பேச்சுக்கு இடமில்லை என்றான்.

கிள்ளானில் நாற்பது ரிங்கிட்டுக்குள் புதியவை கிடைத்தன. இடைவெளியை அளந்து, முதலில் விரலாலேயே திருகி, புரி நேராய் அமர்ந்த பின்னரே சாவியிட்டு அளவோடு இறுக்கினான். அடுத்த மாதம் அதே மேட்டில் வண்டி முனகாமல் ஏறிற்று.

இத்தனையும் வண்டியின் கையேட்டிலே உண்டா என்று தேடினோம். பிளக்கின் வகையும், இடைவெளியின் அளவும், மாற்றவேண்டிய தூரமும் அச்சிட்டிருந்தன. கையேடோ ஆங்கிலத்தில்! 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கியபோது முதலாம் படிவத்தில் அமர்ந்திருந்தவர் நாம். மின்பொறியைப் பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும், தந்தையார் பத்திரமாக வைத்திருந்த அந்நூலை ஒருநாளும் விரித்தோமில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஏடு கிராணியின் கைக்கு இழுக்கென்று எண்ணிய மடமை அது.

இன்னொன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. ஈராண்டுக்கு முன் இவ்வாலிபனே நம் அலுவலகத்துக்கு வந்து, தொழிற்பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி வேண்டினான். "கைவேலை எதற்குத் தம்பி? ஏதேனும் ஆபீஸ் வேலை தேடு" என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டோம். ஆபீஸ் வேலையும் கிட்டாமல், பயிற்சியும் பெறாமல், அவன் குலை சுமக்கலானான். பிறர் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டியே இவ்வறிவைத் தேடிக்கொண்டான். அவனது ஈராண்டைத் தின்றது நமது பேனா.

தோழர்களே! உடலுழைப்பைத் தாழ்த்தும் எண்ணம் நம்மவரின் பழைய நோய். ஆங்கிலம் கற்றதால் அது தீரவில்லை; சட்டை மட்டுமே மாற்றிக்கொண்டது. தேய்ந்த பிளக்கை நாற்பது ரிங்கிட்டில் மாற்றினோம். இதை மாற்ற அவ்வளவு பணமும் வேண்டியதில்லை.

அன்றிரவே அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விண்ணப்பத்தை எழுதினோம். கையெழுத்திடுமுன் அவன் கையைத் துடைக்கப் போனான். வேண்டாம் என்றோம்.