இரண்டு டிக்கெட், நடுவில் ஆறு மணி நேரம்

எங்கள் அலோர் ஸ்டாரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூர் போய்த்தான் மாற வேண்டும். சிப்பாங் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனம் என்று தனித்தனியாகத் தேடி எடுத்தால் பல நேரம் மலிவாகவே கிடைக்கிறது. நான்கு பேர் கிளம்பினால், மிச்சமாகும் காசில் ஊரில் உள்ளவர்களுக்கு வேட்டி சேலை வாங்கிவிடலாம். அதனால் நானும் அப்படித்தான் எடுக்கிறேன்.

ஆனால் அந்த மலிவோடு ஒரு பொறுப்பும் நம் தலையில் வந்து விழுகிறது. ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனி டிக்கெட்டில் அது நம் பாடு. நாம் அலோர் ஸ்டாரிலிருந்து வருகிறோமா, பக்கத்துப் பந்திங்கிலிருந்து வருகிறோமா என்பதே இரண்டாவது நிறுவனத்துக்குத் தெரியாது. கவுண்டரை மூடினால் மூடியதுதான்.

பெட்டியும் தானாக மாறாது. இரண்டாம் முனையத்தில் இறங்கி, பெட்டிக்குக் காத்து நின்று, கடைகளைத் தாண்டி நடந்து, ரயில் பிடித்து முதலாம் முனையம் போக வேண்டும். ரயில் ஓடுவது என்னவோ 3 நிமிடம்தான், கட்டணம் 2 ரிங்கிட். முன்னும் பின்னும் உள்ள நடையும் காத்திருப்பும்தான் நேரத்தைத் தின்பவை. பெரியவர்கள் கூட வந்தால் அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். அனைத்துலக விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆக, 3 மணி நேர இடைவெளி என்றால் உண்மையில் கையில் இருப்பது ஒரு மணி நேரம். ஒரு நல்ல மழைக்கு அது தாங்காது.

சென்ற ஆண்டு தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மாமாவுக்குச் சதாபிஷேகம். அம்மா தம் அண்ணனைப் பார்த்துப் பதினோரு வருடம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பயணத்தை வைத்தேன். நடுவில் 6 மணி நேரம். சக்கர நாற்காலிக்கு இரு நிறுவனத்திடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தேன்.

“அவ்வளவு நேரம் அங்க உட்கார்ந்து என்னடா செய்யறது?” என்று அம்மா முணுமுணுத்தார்.

மழையால் முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். அம்மா அதன்பிறகு வாயே திறக்கவில்லை. நாங்கள் முதலாம் முனையம் போய்ச் சேர்ந்தபோது வரிசை அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்களோடு வந்த ஓர் இளம் தம்பதிக்குச் சென்னை விமானம். இடைவெளி இரண்டேமுக்கால் மணி நேரமாம். கைக்குழந்தையோடு வந்து பார்த்தால் விமானம் கிளம்பிவிட்டிருந்தது. புது டிக்கெட் வாங்குவதைத் தவிர வழியில்லை.

தாமதத்துக்கு நமக்கு உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. 2016-இல் வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு. 5 மணி நேரமாகி இரவு தங்க நேர்ந்தால் அறை. ஆனால் அதெல்லாம் தாமதமான அந்த விமானத்துக்கு மட்டும். தவறிப்போன இன்னொரு டிக்கெட்டின் காசு அதில் திரும்பாது. பயணக் காப்புறுதி எடுப்பவர்கள், தனித்தனி டிக்கெட்டுக்கும் இழப்பீடு உண்டா, எத்தனை மணி நேர இடைவெளி கேட்கிறார்கள் என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இன்னொன்று. போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடும் நிறுவனங்கள் உண்டு. அதனால் இரண்டாவது பயணத்துக்குப் போகவொன்று, வரவொன்று என்று ஒருவழி டிக்கெட்டுகளாகவே எடுக்கிறேன், விலை கொஞ்சம் கூடினாலும்.

திரும்பும்போது அலோர் ஸ்டாருக்கு விமானமே எடுக்கவில்லை. குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளுமோ நீளட்டும் என்று நிதானமாக வெளியே வந்து, கேஎல் சென்ட்ரலில் மதிய இடிஎஸ் ரயில் ஏறினோம். மாமா கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஈப்போ வரை தூங்கினார்.