கரண்ட் போனால் மாயாவி என்ன செய்வார்?

சிவகாசியில் வெளிவரும் காமிக்ஸ் மேற்கே வந்தால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டினால் ராஜபாளையம். இரண்டு ஊருக்கும் நடுவில் 11, 12 கிலோமீட்டர்தான். எங்கள் குடும்பத்தில் மட்டும் அது கட்சி எல்லை. ராஜபாளையத்தில் இருந்த நான் இரும்புக்கை மாயாவி கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அத்தை மகன் ஸ்பைடர் கட்சி. மாயாவியும் ஸ்பைடரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற வழக்கு, கோடை லீவுகளிலும் கல்யாண வீடுகளிலும் வாய்தா வாங்கிக்கொண்டே போனது.

மாயாவிதான் மூத்தவர். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், 17 வயசுப் பையனாக, லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதன் முதல் இதழ் மாடஸ்டி என்ற நாயகியின் கதை. ஆனால் லயன் என்றாலே எங்கள் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் வருகிற ஆள் ஸ்பைடர்தான். இருவருக்கும் பூர்வீகம் லண்டன். மாயாவி 1962-இல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையிலும், ஸ்பைடர் 1965-இல் 'லயன்' என்ற வாரப் பத்திரிகையிலும் பிறந்தவர்கள். அங்கே அவர்கள் மறைந்துபோன பிறகும் இங்கே மறுபதிப்பு மறுபதிப்பாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிறவியிலேயே வந்த சக்தி என்று இரண்டு பேருக்கும் எதுவும் கிடையாது. மாயாவியின் சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். விபத்தில் வலது கை போய், எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். பிறகு ஆய்வுக்கூடத்தில் இன்னொரு விபத்து. உடம்பில் மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துவிடுகிறார். எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. அந்தரத்தில் ஒரு கை மட்டும் கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், வில்லனின் கழுத்தை நெரிக்கும். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்திருக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தனியாகக் கொல்லைக்குப் போக முடியாது. சக்தி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி ஷாக் வாங்க வேண்டும். எங்கள் தெருவில் ப்ளக் பாயின்டுக்குள் விரலை விட்டுப் பார்க்காத பையன் இல்லை என்று சொன்னால் அது புளுகு. விடலாமா என்று யோசிக்காத பையன் இல்லை.

ஸ்பைடருக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை. கறுப்பு உடை, கூரான காது, வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். மூளைக்குப் பேராசிரியர் பெல்ஹாம், பெட்டகம் திறக்க ஆர்டினி. குடியிருக்க ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்த கோட்டை. சம்பாதித்தது, அபகரித்தது, ஆள் வைத்துச் செய்துகொண்டது, இவைதான் அவர் பலம்.

"மாப்ள, ப்ளக் பாயின்ட் இல்லாத எடத்துல ஒங்க ஆளு என்னடா பண்ணுவான்?" என்பான் அத்தை மகன். கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்றைக்கு மாயாவி வெறும் ஆள் என்பதை நானும் மறுக்க முடியாது. "துப்பாக்கியப் பிடுங்கிட்டா ஒங்க ஆளு கறுப்பு டிரெஸ் போட்ட கூர்க்காதன், அவ்வளவுதான்" என்பேன். அதற்கு மேல் வழக்கு நகராது.

இப்போது யோசித்தால், நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டு பேருமே ஆரம்பத்தில் குற்றவாளிகள். மறைகிற சக்தி வந்ததும் மாயாவிக்குப் புத்தி பேதலித்துப் போகிறது; திருடுகிறார், ஊரையே மிரட்டுகிறார். தெளிந்த பிறகு நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து நல்லவராகிறார். ஸ்பைடர் பேதலித்தவரே அல்ல. குற்ற உலகத்துக்குச் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். பிற்பாடு குற்றவாளிகளை எதிர்க்கத் தொடங்குவதும் மனம் திருந்தி அல்ல. அந்தப் பக்கம் தனக்குச் சரியான போட்டி இல்லை என்பதால்தான். தற்பெருமை கடைசிவரை குறையவில்லை. இந்த ஒளிவுமறைவு இல்லாத கர்வம் எனக்குப் பிடிக்கும்.

ஸ்பைடரின் முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். அவருக்குப் பின் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனை அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோடி கோடியாக லாபம் பார்த்தது கம்பெனி. உரிமை கேட்டு வழக்காடி, கம்பெனியோடு உறவு முறிந்த சீகல், கடல் தாண்டி ஒரு லண்டன் பத்திரிகைக்கு ஸ்பைடர் எழுதினார். குண்டு துளைக்காத, மலையைப் பெயர்க்கிற நாயகனைப் படைத்த கை, பிறவிச் சக்தி ஒன்றுமில்லாத வெறும் வாய்ச்சவடால்காரனுக்குக் கதை செய்தது. ஸ்பைடர் வாயைத் திறந்தாலே வருகிற அந்த இறுமாப்பில் சீகலின் கோபமும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க வழியில்லை, சந்தேகம்தான்.

சூப்பர்மேன் எங்கள் பக்கம் இவர்கள் அளவுக்கு ஒட்டவில்லை. அதற்கு நான் வைத்திருக்கும் காரணம் கொஞ்சம் விளையாட்டானது. பிறக்கும்போதே வல்லமையோடு வந்தவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் இருக்கிறது, ஆடிப்பூரத்துக்குத் தேர் இருக்கிறது. அந்தப் பதவி காலியாக இல்லை. காலியாக இருந்தது வேறு இடம்.

ராஜபாளையம் மில் ஊர். முதல் நூற்பாலை 1936-இல் வந்தது. சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறும். ஊரே அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டது. பக்கத்தில் சத்திரப்பட்டி, காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். கிழக்கே சிவகாசி, வெடியும் தீப்பெட்டியும். வேலை செய்கிற இடத்தில் கையைப் பறிகொடுத்தவரைப் பார்க்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் தேவைப்பட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி பார்ப்போம். கிராண்டேலும் வேலை பார்த்த இடத்தில் அடிபட்டவர்தான். போன கைக்குப் பதிலாக வந்த கையே அவரைப் பெரிய ஆளாக்கியது. ஆய்வுக்கூட உதவியாளர் ஹீரோ ஆவது எங்கள் கண்ணுக்கு லண்டன் விஷயமாகப் படவில்லை.

இரண்டு தொடர்களுமே போகப் போகச் சப்பென்று ஆகிவிட்டன என்பது என் கட்சி. நிழற்படையில் சேர்ந்த மாயாவியின் எஃகுக் கைக்குள் விரல் துப்பாக்கி, வாயு என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார்கள். அதாவது அவரைப் பாதி ஸ்பைடராக்கினார்கள். ஸ்பைடரை உலகத்தைக் காப்பாற்ற அனுப்பி, பாதி மாயாவியாக்கினார்கள். வெறும் கரண்டையும் வெறும் கர்வத்தையும் நம்பி அவர்கள் பிழைத்த ஆரம்பக் கதைகளின் ருசி அதற்குப் பிறகு இல்லை. மறுபதிப்பு கையில் கிடைத்தால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, மோதினால் ஜெயிக்கப் போவது ஸ்பைடர்தான். அவர் மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே நுழைவார். ஆனால் பக்கத்து வீட்டுக்குக் குடிவைக்க ஆள் கேட்டால் என் ஓட்டு மாயாவிக்கு.