எலுமிச்சம்பழமும் கண்டென்சரும்

மூடநம்பிக்கை என்றதும் நம்மிற் படித்தவர்கள் உடனே தோட்டத்து லயங்களைச் சுட்டிக் காட்டுவது வழக்கம். யானும் அவ்வாறு காட்டியவர்களுள் ஒருவனே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டத்து ஆபீசில் கிராணியாக அமர்ந்த எனக்கு, அக்குற்றம் என்னிடத்திலும் உண்டு என்று கற்பித்தது கட்டைவிரல் அளவேயுள்ள ஒரு மோட்டார்ச் சாமான்.

என் தந்தையார் விட்டுச் சென்றது ஒரு மோரிஸ் மைனர் வண்டி. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கி 1971இல் உற்பத்தி நின்றுபோன இனம் அது. சென்ற மழைக்காலத்தில் காலை வேளைகளில் கிளம்ப மறுத்தது. கிளம்பினாலும் இருமி இருமி நடந்தது. “கண் பட்டிருக்கிறது, தம்பி. அம்மன் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிவிடு” என்றார் என் தாயார். “பெட்ரோலில் ஓடும் வண்டிக்குப் பழம் எதற்கம்மா?” என்று நகைத்துவிட்டு, யான் ஈப்போவுக்கு பஸ் ஏறினேன்.

நோயின் இடம் எனக்கு ஏட்டளவில் தெரியும். பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் பெட்ரோலைப் பற்றவைக்கப் போதாது. காயில் என்னும் கம்பிச்சுருள் அதனை ஏறத்தாழ 20,000 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. அவ்வாறு உயர்வதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் திடீரென அறுபடல் வேண்டும். அதை அறுப்பவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் இரு சிறு உலோக முனைகள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், அம்முனைகள் 6,000 முறை பிரிந்து கூடுகின்றன. பிரியுந்தோறும் அவை பொறி பறந்து கருகிவிடாதபடி மின்சாரத்தை ஏற்றுத் தாங்குவதே கண்டென்சர். 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்த முறை இது.

கடைத் தவுக்கே இருவகைச் சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று, நெடுநாள் அலமாரியிற் கிடந்து அட்டை பழுத்துப்போன பழைய சரக்கு. மற்றொன்று, ஆங்கிலப் பெயரும் இங்கிலாந்துக் கொடியும் பளபளவென அச்சிட்ட புதுப் பெட்டி, விலையும் குறைவு. “பழையதுதான் உழைக்கும்” என்றார் அவர் மலாய் மொழியில். யான் பெட்டியின் எழுத்தைப் படித்தேனேயன்றி மனிதரின் சொல்லைச் செவியிற் கொள்ளவில்லை. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், நான்கு பிளக் யாவற்றையும் புதுப் பெட்டியிலேயே வாங்கி, அன்று மாலையே அனைத்தையும் மாற்றினேன். தகடு செருகி பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு அமைத்தேன். எஞ்சின் பூனைபோல் உறுமியது. தாயாரிடம் பெருமை பேசினேன்.

பத்தாம் நாள் இரவு, அடுத்த வீட்டு மண்டோரின் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் என் வண்டியிலேயே புறப்பட்டோம். பாதி வழியில், செம்பனைக் காட்டின் நடுவே, சூடேறிய எஞ்சின் இருமுறை வெடித்து நின்றுவிட்டது. எவ்வளவு முடுக்கியும் பயனில்லை. பின்னிருக்கையில் அவ்வம்மையார் மூச்சுக்குத் தவித்த ஓசை இன்றும் என் காதை விட்டகலவில்லை. நல்லவேளையாகச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்து அவரை ஆஸ்பத்திரி சேர்த்தது. அவர் பிழைத்தார். யான் தலைகுனிந்தேன்.

மறுநாள், தோட்டத்துப் பட்டறையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். எழுதப் படிக்க அறியாதவர். எஞ்சினைச் சூடேற ஓடவிட்டார். அது மீண்டும் தடுமாறி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி என்னை முடுக்கச் சொன்னார். பாயிண்ட் முனைகளில் தடித்த நீலப் பொறி பறந்தது. “கண்டென்சர் செத்துவிட்டது. பழையது எங்கே?” என்றார். நல்லகாலம், தகர டப்பாவிற் போட்டு வைத்திருந்தேன். அதனை மாட்டியதும் வண்டி ஓடியது. அவர் கேட்டார்: “கிராணியாரே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், குணமும் குற்றமும் எதனுடையது என்று எப்படித் தெரியும்?”

கழற்றி எறிந்தவற்றை ஆராய்ந்தோம். தேய்ந்திருந்தது பாயிண்ட் ஒன்றே. அதனை மட்டும் மாற்றியிருந்தாற் போதும். நல்ல கண்டென்சரை நீக்கிக் கெட்டதை மாட்டியவன் யானே.

தோழர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிற் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய சாமானையும் கையோடு கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குங்கள். ஒன்றை மாற்றி, நன்கு சூடேறும்வரை ஓட்டிப் பார்த்த பின்னரே மற்றொன்றைத் தொடுங்கள். கழற்றியதை உடனே எறியாதீர்கள்.

காரணம் ஆராயாமல் பழத்தை நம்புவதும், காரணம் ஆராயாமல் ஆங்கிலம் அச்சிட்ட அட்டையை நம்புவதும் ஒன்றே. முன்னதற்குச் செலவு நான்கு பழம். பின்னதற்கு ஓருயிரே செலவாகியிருக்கும். பகுத்தறிவு என்பது பிறரை நகைப்பதற்கு நாம் அணியும் சட்டையன்று. நம் கையிலுள்ள பொருளை நாமே சோதிக்கும் பழக்கம்.

என் தாயார் இன்னும் எலுமிச்சம்பழம் என்றே சொல்கிறார். இப்பொழுது யான் நகைப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, அந்தச் சிறு முனைகள் பிரிந்து கூடுவதை அவருக்குக் காட்டுகிறேன். அவரும் குனிந்து பார்க்கிறார்.