கார்த்திகை முப்பது

கவியரங்கங்களைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நாளைக் குறித்து, தலைவரைப் பாராட்டி நாலு வரி, அவையை வணங்கி நாலு வரி, பிறகு தலைப்பின் மேல் எதுகை மோனைகளை அடுக்கி, கைதட்டலுக்கு இடம் விட்டு வாசிப்பதைக் கவிதை என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று எழுதியிருக்கிறேன். கவிதை கேட்டு வாங்குகிற சரக்கல்ல என்றும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய நானே 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் முழுவதும் பதினோரு பேரை நாளுக்கு ஒரு கவிதை எழுத வைத்தேன். இதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன். விளக்கத்தின் நடுவில் என் தவறு ஒன்றும் வருகிறது. உண்மையில் அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையின் மாடி அறையில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பள்ளி ஆசிரியர்கள் இருவர், ஒரு தையல்காரர், ஒரு கல்லூரி மாணவி, வங்கி குமாஸ்தாவாகிய நான், பாகூருக்குத் தெற்கே குத்தகைக்கு நிலம் வைத்துப் பயிர் செய்கிற ஒருவர், இன்னும் சிலர். எல்லோரும் ஒரு காலத்தில் கவிதை எழுதியவர்கள். ஆனால் இரண்டு வருஷமாக யாரும் புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் பற்றி நிறையப் பேசினோம். சொல்லப்போனால் எல்லோருமே விமர்சகர்களாகிவிட்டோம். ஒரு சிறு கூட்டத்துக்கு இதைவிட மோசமான கதி கிடையாது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் மருந்தையும் நானே தேட வேண்டியிருந்தது.

இரண்டு முன்மாதிரிகள் கிடைத்தன. அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரலைக் கவிதை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். 2003இல் மொரீன் தோர்சன் என்ற கவிஞர் அந்த மாதத்தின் முப்பது நாளும் நாளொன்றுக்கு ஒரு கவிதை எழுதுவது என்று தொடங்கினார். பிறகு பலரும் சேர்ந்துகொண்டார்கள். இது ஒன்று. மற்றொன்று ஜப்பானியர்களின் கூகாய். ஹைக்கூ எழுதுபவர்கள் கூடி, பெயர் போடாமல் தாள்களைக் கலந்துவைத்து, கையெழுத்து தெரியாதபடி ஒருவருடையதை மற்றொருவர் பிரதி எடுத்து, பிறகு வாசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பருவத்தைச் சுட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. அந்தச் சொற்களுக்கென்றே அகராதிகள் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியக் கவிதையைப் பற்றி பாரதி 1916இல் சுதேசமித்திரனில் எழுதியது இதே புதுச்சேரியிலிருந்துதான். அவர் வியந்தது அதன் சுருக்கத்தை. நூறு வருஷம் கழித்தும் நமக்கு அது கைவரவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வட்டாரம் இதில் தரிசு நிலமுமல்ல. வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்தவர், பாகூர்ப் பக்கம் சேலியமேட்டில் வாழ்ந்தவர், பாரதிதாசனின் மாணவர், பள்ளி ஆசிரியர், 1974இல் மறைந்தார். இயற்கைக் கவிஞர் என்று பெயர் பெற்றவர். அவருடைய நூல்களில் ஒன்றின் பெயரே பாட்டரங்கப் பாடல்கள். எழுத்து பத்திரிகையின் வழியில் வந்த எங்களைப் போன்றவர்கள் அவரை ஒதுக்கிவைத்தே பழகிவிட்டோம். அவருடைய விருத்தங்களின் ஓசை எனக்கு இன்றும் ஒத்துவருவதில்லை. ஆனால் வயலையும் ஏரியையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதியவர் என்பதை மறுக்க முடியாது. நாங்கள் ஓசையையும் விட்டோம், பார்ப்பதையும் விட்டோம்.

விதிகள் எளியவை. கார்த்திகை 1 முதல் 30 வரை, அதாவது நவம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரை, நாள்தோறும் ஒன்று. பத்து வரிக்கு மேல் கூடாது. அன்று கண்ணால் கண்ட பருவம் அதில் இருக்க வேண்டும். தாளில்தான் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துத் தாள்களைப் பெயரில்லாமல் ஒரு சோற்றுத் தூக்கில் போட்டுவிட வேண்டும். மாணவி அவற்றைக் கலந்து பகிர்ந்து கொடுப்பாள். கைக்கு வந்ததை ஒவ்வொருவரும் பிரதி எடுப்போம். பிரதிகளை நான் வாசிப்பேன். ஆளுக்கு மூன்று வாக்கு. பெயரை மறைப்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிதைகளைப் பெயரில்லாமல் கொடுத்துக் கருத்துக் கேட்டு, 1929இல் அதைப் புத்தகமாக்கியதை பி.ஏ. வகுப்பில் படித்த நாளிலிருந்து, விமர்சனத்தின் நேர்மை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் நம்பிக்கை.

முதல் இரண்டு ஞாயிறுகளில் வந்தவை எனக்குச் சோர்வு தந்தன. மயில் ஆடியது, முல்லை பூத்தது, மண் மணத்தது. எங்களில் யாரும் அந்த வாரம் மயிலைப் பார்த்திருக்கவில்லை. ஒருவர் கார்காலம் என்று எழுதியிருந்தார். பழைய கணக்கில் கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். நம் கரையில் மழை கொட்டுகிற ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வாசலை எட்டிப் பார்க்காமல் புத்தக அலமாரியைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். தொல்காப்பியத்தில் முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று பெரும்பொழுது சொல்லியிருக்கிறது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் சிறுபொழுது மட்டுமே உண்டு, தனியாகப் பெரும்பொழுது கிடையாது என்றும் சொன்னேன்.

“அப்ப எங்க ஊருக்குப் பருவமே இல்லையா சார்?” என்று கேட்டார் குத்தகைக்காரர்.

“அப்படியில்லண்ணே. பின்னால வந்த நம்பியகப்பொருள்ல மருதத்துக்கு ஆறு பொழுதும் உண்டுன்னு சொல்லிட்டாங்க.”

“ஆறும் நம்மளுதுன்னா சரிதான். எங்களுக்குத் தெரிஞ்சது சொர்ணவாரி, சம்பா, நவரை, மூணுதான்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மூன்றாம் ஞாயிறு கூட்டம் நடக்கவில்லை. கார்த்திகை 15, நவம்பர் 30 இரவு, ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு முடிந்திருந்தால் நகரத்துச் செய்தியாகப் போயிருக்கும். டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்பி, அந்தப் பக்கத்துக்கே சோறு போடுகிற தென்பெண்ணைதான் இப்போது வயலுக்கும் வீட்டுக்கும் வந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி. நான்காம் ஞாயிறு நாலு பேர் வந்தோம். யாருக்கும் கவிதையில் மனம் போகவில்லை. போட்டியை நிறுத்திவிடலாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். நான் வேண்டாமென்றேன். பருவத்தைக் கேட்டோம், வந்திருக்கிறது, இப்போது நிறுத்துவது கோழைத்தனம் என்று சொன்னேன். வீட்டுக்குள் தண்ணீர் வராத ஒருவன் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

கார்த்திகை 30, கடைசி ஞாயிறு. பத்துப் பேர் வந்திருந்தோம். தாள்களைக் கலந்து கொடுத்ததில் என் கைக்கு வந்தவற்றில் ஒன்று மற்றவை போல இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரே தாள். தேதி; அதன் பக்கத்தில் உடம்பின் ஒரு பகுதி. இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று வயலில் நின்ற தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது. பிறகு மறுபடியும் மழை பெய்த ஒரு நாளில் முழங்காலுக்கு ஏறுகிறது. கடைசித் தேதிக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உவமை இல்லை, வினைச்சொல் இல்லை, ‘நான்’ இல்லை. அதை என் கையாலேயே பிரதி எடுத்தேன். கையொப்பத்தைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. அவர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவரும்கூட. இருந்தும் எழுத்து யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வாசிக்கும்போது இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தி, “இது கவிதையில்லை, கணக்கப்பிள்ளை அடங்கல்” என்றேன். அறை சிரித்தது. மீதியைப் படிக்காமல் அடுத்த தாளுக்குப் போனேன். அதற்கு ஒரு வாக்கும் விழவில்லை. வெள்ளத்தைக் காலத்தின் கண்ணீராகவும் ஆற்றைக் கட்டவிழ்ந்த கூந்தலாகவும் சொன்ன ஒன்றுக்கு ஏழு வாக்கு. அதில் ஒன்று என்னுடையது. முடிவில் பெயர்களைத் திறந்தபோது அந்தத் தாளுக்கு அவர் கையைத் தூக்கினார். யாரும் பேசவில்லை. பாகூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

அன்றிரவு எனக்கு நானே ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன். பெயர் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம்; ஆனால் அது மரியாதையாக இருந்திருக்குமே தவிர விமர்சனமாக இருந்திராது; ஆகவே முறையில் பிழையில்லை, ஒரு மனிதரின் மனம் புண்பட்டது மட்டும்தான் வருத்தத்துக்குரியது. இந்தச் சமாதானம் சில நாள் தாங்கியது. பிறகு உடைந்தது. அந்தத் தாளைப் புரிந்துகொள்ளப் பெயர் எதற்கு? தேதிகள் இருந்தன. அந்தத் தேதிகளில் எங்கள் பத்துப் பேருக்கும் அதே வானம், அதே ஆறு. ரிச்சர்ட்ஸின் மாணவர்களுக்குக் கவிதையின் பின்னணி தெரியாது. எங்களுக்கு அது தெருவிலேயே கிடந்தது. அன்று கண்ணால் கண்ட பருவம் இருக்க வேண்டும் என்ற என் விதிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்திய தாள் அந்த மாதத்தில் அது ஒன்றுதான். விதி போட்டவனுக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் பெயர் மறைந்திருந்தது அல்ல. வாய் மயிலைக் கேலி செய்ததே ஒழிய, காது மயிலுக்காகத்தான் காத்திருந்தது.

பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு. நிருபதுங்கவர்மன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அரச வம்சத்தின் புகழ் சமஸ்கிருதச் செய்யுளில் இருக்கிறது. நிலத்தின் எல்லைகள் தமிழ் உரைநடையில் இருக்கின்றன. அந்நாளில் எது கவிதை என்று கேட்டிருந்தால் எல்லோரும் செய்யுளைத்தான் காட்டியிருப்பார்கள். இன்று அதைப் படிக்கிற எனக்கு, எல்லை நடந்து பார்த்தவர்களின் காலடி தமிழ்ப் பகுதியில்தான் கேட்கிறது. ஆனால் இதைக் கொண்டு எல்லைக் குறிப்பெல்லாம் கவிதை என்று சொல்லிவிடவும் நான் தயாராக இல்லை. அந்தத் தாள் கவிதையா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் பதிலில்லை. ஏழு வாக்கு வாங்கியதில் இப்போது எனக்கு அந்தக் கூந்தலைத் தவிர ஒன்றும் நினைவில்லை என்பதும், தாளிலிருந்த வரிசையைத் தேதியோடு ஒப்பிக்க முடிகிறது என்பதும் உண்மை. நினைவில் நிற்பது மட்டும் அளவுகோலாகாது என்று நானே எழுதியிருக்கிறேன்.

தை மாதம் அவர் நகைக்கடனைத் திருப்பி வைக்க வங்கிக்கு வந்தார். என் ஜன்னல்தான். வட்டியைக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, “அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது…” என்று ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நின்றது.

“கவிதைன்னு குடுக்கல சார். தெனம் ஒண்ணு எழுதணும்னீங்க. எழுதினேன்.”

“கடைசி நாள்ல ஒண்ணும் போடலியே?”

“அன்னிக்குத் தண்ணி வடிஞ்சிடுச்சி. நெலம் தெரிஞ்சது. என்னா எழுதறது?”

அதைப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டேன். வேண்டாமென்றார். நடந்ததை நான் எழுதிக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. தாள் மட்டும் அச்சில் வரக்கூடாது. அதனால்தான் அதை இங்கே வரிக்கு வரி கொடுக்கவில்லை. அவர் எழுதிய மூலத்தை அன்றே எடுத்துப் போய்விட்டார். நான் எடுத்த பிரதியைத் திருப்பித் தரட்டுமா என்றேன்.

“உங்க கையெழுத்துதானே சார். உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுபடியும் நடத்துவாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடத்தத்தான் வேண்டும், எழுதாமல் பேசிக்கொண்டிருந்த பழைய நிலைமைக்குத் திரும்புவது இதைவிட மோசம். பெயரை மறைப்பதையும் விடப்போவதில்லை. ஆனால் வாசிக்கிற வேலையை மாணவியிடம் கொடுத்துவிடுவேன். எந்தத் தாளையும் கடைசி வரை வாசிக்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு விதி சேர்க்கலாம். அது முதலில் எனக்கான விதி. அவர் கூட்டத்துக்கு இப்போதும் வருகிறார். சம்பாவைப் பற்றிக் கேட்டால் சொல்கிறார். கவிதையைப் பற்றிக் கேட்டால், “நீங்க சொல்லுங்க சார்” என்கிறார்.