காயலான் கடைக்கு ஒரு வருடக் கெடு

‘வீட்டில் ஓடாமல் நிற்கும் பழைய ஜீப்பைச் சரிசெய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?’ என்று கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதே கேள்வி மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டிலும் எழுந்தது. நான் மெக்கானிக் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டரை ஏக்கரில் வாழையும் பன்னீர் திராட்சையும் பார்க்கிற விவசாயி. அதனால், நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். அந்த வாசகருக்கும், அவரைப் போல் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

எங்கள் வண்டி வில்லிஸ் சி.ஜே-3பி. பெட்ரோல் வண்டி. 1964-ல் முதல் பதிவு. அப்பா அதை நான்காவது கையாக வாங்கினார். பல வருடம் விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறிய வண்டி. அப்பா இறந்த பிறகு ஓட்ட ஆளில்லாமல் நின்றது. பதினோரு வருடம் நின்றது.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்த வண்டி இது. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. போர் முடிந்த 1945-லேயே வில்லிஸ் கம்பெனி சி.ஜே-2ஏ என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை யாருக்கு விற்கப் பார்த்தார்கள் தெரியுமா? விவசாயிகளுக்கு. ஏர் கட்டி உழலாம், டிரெய்லர் இழுக்கலாம், பி.டி.ஓ. பொருத்தினால் ரம்பம் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகலாம் என்பதுதான் விளம்பரம். நம் ஊருக்கு 1940-களின் கடைசியில் மஹிந்திரா மூலம் வந்தது. அமெரிக்காவில் சி.ஜே-3பி 1968-லேயே நின்றுபோனாலும், இங்கே அதே வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இதனால் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. பிளைமவுத், டாட்ஜ் மாதிரி பழைய அமெரிக்க பிளஷர் காருக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் ஊர் ஊராக அலைய வேண்டும். ஜீப்புக்கு அப்படி இல்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் தேடினால் முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது.

இனி எங்கள் வீட்டு விஷயம். நிலத்தை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டபோது இரண்டு பொருட்கள் மட்டும் பொதுவில் நின்றன. ஒன்று கிணறு, இன்னொன்று ஜீப். கிணற்றுத் தண்ணீர் முறையில் ஒரு கோடையில் பேச்சு தடித்து, அதன்பிறகு அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. எதுவென்றாலும் மதினி மூலம்தான் சேதி வரும். ஒருநாள் மதினி வந்து, “காயலான் கடைக்காரர் இருபத்தெட்டாயிரம் தர்றேங்கிறாராம். ஆளுக்குப் பதினாலாயிரம்னு ஒங்க அண்ணன் சொல்லச் சொன்னாரு” என்றார்.

ஒரு டன் இரும்பு, அதற்கு அதுதான் விலை. தப்பு சொல்ல முடியாது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. “ஒரு வருசம் டைம் குடுங்க மதினி. அதுக்குள்ள ஓடலைன்னா நானே ஏத்தி விடுறேன்” என்று சொல்லி அனுப்பினேன். அண்ணன் சரி என்று சேதி வந்தது.

என் வீட்டிலும் ஒரு நிபந்தனை வந்தது. “நகையத் தொடக்கூடாது, கடன் வாங்கக்கூடாது, தோட்டத்து வருமானத்துல கை வைக்கக்கூடாது. ஆட்டுக் காசுல செஞ்சுக்கங்க” என்றார் என் மனைவி. எங்களிடம் அப்போது பதினான்கு ஆடுகள் இருந்தன. அந்த நிபந்தனைதான் என்னைக் காப்பாற்றியது. காசு கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் வேலையும் வரிசையாக நடந்தது.

வரிசைதான் முக்கியம். பலர் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ். எங்கள் வண்டியில் மேல் தகரம் ஓட்டை ஓட்டையாக இருந்தாலும், சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் சேஸிஸ் கணீரென்று சத்தம் கொடுத்தது. சேஸிஸ் உளுத்துப்போயிருந்தால் அன்றே காயலான் கடைக்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்து எஞ்சின். பதினோரு வருடம் நின்றதில் ஜாம் ஆகியிருந்தது. இந்த நிலையில் பேட்டரி வைத்து செல்ஃப் அடித்தால் உள்ளே பிஸ்டன் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி விட்டுவிட்டோம். தினமும் சாயங்காலம் முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் இளகியது. பிளக் மாட்டிய பிறகு ஹேண்டில் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டை விரலும் மணிக்கட்டும் போய்விடும்.

இந்த எஞ்சினுக்கு ‘ஹரிக்கேன்’ என்று பெயர். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். அதனால் எஞ்சின் உயரம் கூடி, முன் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பழைய ஜீப் கூட்டத்தில் 3பி-யை அந்த உயர்ந்த மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். பையன் லீவுக்கு வந்தபோது ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தான். ரிங், பேரிங், கேஸ்கட் புதிது போட்டோம். போர் வேலை மட்டும் லேத்துக்குப் போனது.

பெட்ரோல் டேங்க் இந்த வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய பெட்ரோல் கோந்து மாதிரி ஆகியிருந்தது. டேங்க்கைக் கழற்றி, சிறு கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவினோம். காலி டேங்க்தானே என்று யாரும் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். ஓட்டை இருந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர் டியூப், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினோம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவதால் நமக்கு அது நல்ல சேதிதான். ஆனால் பழைய ரப்பரை அது அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டியில் டேங்க் நிறைய வைக்காதீர்கள்.

எட்டாவது மாதம் பிரேக்குக்கு வந்தோம். இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் பாதை. ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மலையேறி இறங்கும் ஊரில் அது உயிர் விஷயம். அதனால் ஒரு குழாயையும் விடாமல் மாற்றினேன். வீல் சிலிண்டர் நான்கும் புதிது.

புதுக் குழாய் போட்டால் உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பையன் காலேஜுக்குத் திரும்பிவிட்டான். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியைக் கூப்பிடலாம் என்றிருந்தேன். மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் அண்ணன் நின்றார். அந்த வண்டியை அப்பாவுக்குப் பிறகு அதிகம் ஓட்டியவர் அவர்தான். ஒன்றும் சொல்லாமல் ஏறி சீட்டில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். பின்பக்க இடது சக்கரத்துக்கு அடியில் படுத்தேன்.

“அமுக்குங்கண்ணே.”

“ம்.”

“விட்றாதீங்க... புடிங்க... இப்ப விடுங்க.”

நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி குமிழியாக வந்தது. இப்படியே நான்கு சக்கரம். ஒன்றே முக்கால் மணி நேரம். பெடலை விடச் சொல்வதற்கு முன்னால் அவர் விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். நான் சொல்லாமல் அவர் விடவே இல்லை. நான்காவது சக்கரத்தில் குமிழி நின்றதும், “கல்லு மாதிரி நிக்குதுடா” என்றார். ஒன்றரை வருடம் கழித்து அவர் என்னிடம் நேராகப் பேசிய வார்த்தை அது. கிணற்றைப் பற்றி அன்றும் பேசவில்லை. மறுநாள் ஒயரிங் வேலைக்குத் தானாகவே வந்தார்.

கெடு முடிய பதினெட்டு நாள் இருக்கும்போது வண்டி தோட்டத்தை ஒரு சுற்று சுற்றியது.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். நோட்டில் இருப்பதைத் தருகிறேன். எஞ்சின் 26,000 ரூபாய், ஐந்து டயர் 23,500, தகரம், டிங்கர் வேலை 14,000, ஒயரிங், பேட்டரி 10,300, பிரேக் 9,200, பெயின்ட் 8,000. மொத்தம் 91,000 ரூபாய். எங்கள் உழைப்பு இதில் சேராது. வாழைத்தாரை மண்டிக்குக் கொண்டுபோக வாடகை வண்டிக்கு நடைக்கு 700 ரூபாய் கொடுத்தோம். ஜீப்பில் பெட்ரோல் 270 ரூபாய்க்குள் முடிகிறது. வாரம் இரண்டு நடை என்றாலும் போட்ட காசு திரும்ப இரண்டு வருடம் ஆகும். நடுவில் ரிப்பேர் வந்தால் இன்னும் தள்ளும். லாபத்துக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

காகித வேலையை வண்டி வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள். ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள். டீசல் எஞ்சின் மாற்றிய பெட்ரோல் ஜீப்புகளில் இதில்தான் சிக்கல் வரும்.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, பாடி, சேஸிஸ், எஞ்சின் மாறாமல் இருந்தால் ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் பிளேட் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அதை வாங்கினால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. உழைக்கிற வண்டிக்கு அது சரிப்படாது. நாங்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம், அண்ணன் பெயரில்.

போன தை மாதம் நகரத்திலிருந்து பழைய வண்டி சேகரிப்பவர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றரை லட்சம் தருகிறேன் என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர், “இருங்க, மண்டிக்கு இருபது தாரு ஏத்தியிருக்கேன். போட்டுட்டு வந்து பேசுறேன்” என்று கிளம்பிவிட்டார். வந்தவர் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மத்தியானம்தான் திரும்பினார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: முதலில் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள், பிறகு ஆர்.சி.யைத் தேடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், கடன் இல்லாத ஒரு காசை இதற்கென்று ஒதுக்கி, ஒரு தேதி குறித்துக்கொண்டு தொடங்குங்கள். பிரேக் வேலைக்கு மட்டும் ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.