மணலில் தாழ்ந்தபோது

எங்கள் இராசபாளையத்துக்குக் கடல் இல்லை. தை மாதத்தில் மத்ரஸா மாணவர்களுடன் தனுஷ்கோடி சென்றோம். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், கொசு உள்ளான்களைப் படமெடுக்க நடந்தே நெருங்கினேன். கூட்டம் முழுதும் பறந்துவிட்டது. ஆர்க்டிக் நிலத்தில் பிறந்து, சிட்டுக்குருவி அளவே உள்ள சிறிய உடலோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவை. திரும்பிச் செல்ல அவை சேர்க்கும் கொழுப்பை என் அவசரம் கரைத்தது.

"ஹஜ்ரத், படுத்துக்கொண்டு எடுங்கள்" என்றான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்க்கரையில் வளர்ந்த மாணவன். வகுப்பில் என்முன் வாய்திறக்க அஞ்சுபவன்.

ஈரமணலில் குப்புறப் படுத்தேன். சற்று நேரத்தில் பறவைகள் தாமே அருகில் வந்து இரை தேடின. திரையில் கடல் மங்கி, பறவையின் கண் என் கண்ணுக்கு நேராக நின்றது.

ஸஜ்தாவில்தான் அடியான் அல்லாஹ்வுக்கு மிக நெருக்கமாகிறான் என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். அதையும் பிரம்புடன் நின்றே கற்பித்தேன். ஊர் திரும்பியதும் பிரம்பை எடுத்துவைத்துவிட்டு, மாணவர்களோடு பாயில் அமர்ந்தேன். அன்று அவன் முதன்முறையாக ஐயம் கேட்டான்.